பார்ட்டி ரிஸ்க்

யசோதராவுக்கு மைனஸ் எட்டரை பவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது அம்மாவா பீரோவா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சோடாபுட்டிதான். வாத்தியார்கள்கூட. சம்பாதிக்க ஆரம்பித்ததும் முதல் காரியமாகத் தடித்த அசிடேட் பிரேம் ஒன்றை வாங்கினாள். பிரேம் தடியாக இருந்தால் லென்ஸின் தடிமனை விழுங்கிவிடும். பார்க்கிறவன் பிரேமைத்தான் பார்ப்பான். ஒன்று இரண்டாகி, இப்போது பதிமூன்று. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில், பீரோவுக்குள் வளையல் பெட்டியில் வரிசையாகப் படுத்திருக்கின்றன.

"கண்ணு ரெண்டுதான கீது, கண்ணாடி இன்னாத்துக்கு பதிமூணு?" என்று அவள் அம்மா குப்பம்மா வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள்.

அந்தப் பதிமூன்றில் ஒன்றின் மேல் யசோதரா உயிரையே வைத்திருந்தாள். ஜப்பானில் கையால் செய்தது. பாசிப்பச்சை நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தேன் தெரியும். அதைச் செய்வதை நிறுத்திப் பல வருஷமாகிறது. இதே பைத்தியம் பிடித்த ஒருவரிடம் இணையத்தில் எட்டு மாதம் கெஞ்சி வாங்கினாள். இப்போது பவர் ஏறிவிட்டதால் அதற்குப் புது லென்ஸ் போட வேண்டியிருந்தது. வழக்கமாகப் போட்டுத் தரும் ராயபுரம் பஷீர் பாய் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். பத்து நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்காமல் வண்ணாரப்பேட்டையில் பாலகணேஷ் கடையில் கொடுத்துத் தொலைத்தாள்.

சனிக்கிழமை மதியம் வாங்கப் போனபோது கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். பாலகணேஷ் வெல்வெட் தட்டில் வைத்து மரியாதையாகத்தான் நீட்டினார். யசோதரா கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மூக்கின் மேல் உட்காரும் இடம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம், ஆப்பத்தில் வரும் கண் மாதிரி. ஒரு பக்க லென்ஸ் வளையம் வேறு லேசாக இழுத்துக்கொண்டு கோணியிருந்தது.

"சார், இது என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அப்போது வரை ஆபீஸில் பேசுகிற தமிழில்தான் பேசினாள்.

"அதும்மா, டூப்ளிகேட் ஐட்டம் சூடு தாங்காதுல்லா. லென்ஸ் போட சூடு காட்டித்தான ஆகணும்? வேற பிரேம் எடுத்துக்கோ, பாதி ரேட்டுல தாரேன்."

"டூப்ளிகேட்னு யார் சொன்னது?"

"பாத்தாலே தெரியும்மா. முப்பது வருஷமா இதே தொழில்."

"என் ஜாப் கவரைக் கொடுங்க."

கண்ணாடிக் கடைகளில் ஒவ்வொரு பிரேமையும் ஒரு காகிதக் கவரில் போட்டு, மேலே பவரும் குறிப்பும் எழுதித்தான் உள்ளே அனுப்புவார்கள். பழைய பிரேமாக இருந்தால், உடைந்தால் கடை பொறுப்பில்லை என்பதற்குப் 'பார்ட்டி ரிஸ்க்' என்று எழுதுவார்கள். பாலகணேஷ் அதைத் தேடுவது போல மேஜையைக் கிண்டினார். உள்ளே லென்ஸ் மாட்டும் தாமஸ் எழுந்து வந்து, கவரை அவள் கையில் கொடுத்தார். முதலாளியின் கையெழுத்தில், நீல மசியில் இருந்தது: 'டூப். வியாசர்பாடி. பார்ட்டி ரிஸ்க்.'

யசோதரா அதை இரண்டு தடவை படித்தாள். காது மடல் சுட்டது. தாமஸைப் பார்த்து, "எப்டி சூடு காட்டுனீங்க?" என்று கேட்டாள்.

"ஒரிஜினல்னா சின்ன சூட்டுல, சூடு மணலுல பொறுமையா இளக்கணும் சிஸ்டர். டூப்புக்கு யாரு அவ்ளோ நேரம் நிப்பாங்க? கவர்ல டூப்புன்னு போட்டுகீது. சூடு காத்து பிளோயர வச்சுட்டேன்."

அதற்கு மேல் ஆபீஸ் தமிழ் நிற்கவில்லை.

"அட்ரஸு கேட்டீங்க, சொன்னேன். பிரேமு ஒரிஜினலான்னு ஒரு வார்த்த கேட்டியா நைனா? வியாசர்பாடின்னதும் நீயே எழுதிக்கினியா? அங்க கீறவ மூஞ்சில நல்ல பொருளு இருக்கக் கூடாதா? இருந்தா டூப்பா இருக்கணும், இல்ல திருட்டா இருக்கணும், அதான?"

"சத்தம் போடாதம்மா, கஸ்டமர் இருக்காங்க. பாலிஷ் போட்டுச் சரி பண்ணித் தாரேன்."

"பாலிஷு போட்டா போறதுக்கு இது அழுக்கா? கொப்புளம் உள்ள கீது. செத்துப்போச்சு இது. காசு வேணாம் எனக்கு. நீ எழுதினத அடிச்சிட்டு, ஒரிஜினல்னு எழுதிக் கையெழுத்து போடு. அது வரைக்கும் நான் இங்கதான்."

நாற்காலியை இழுத்து நடுக்கடையில் போட்டு உட்கார்ந்தாள். வந்தவர்கள் ஒருவரும் நகரவில்லை. குழந்தைக்குக் கண்ணாடி வாங்க வந்த பெண், "எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றாள். கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் பாலகணேஷ் முகத்தைச் சுளித்துக்கொண்டு 'டூப்'பை அடித்தார், ஒரிஜினல் என்று எழுதினார், கையெழுத்துப் போட்டுக் கவரைத் தள்ளினார்.

யசோதரா கொப்புளம் விழுந்த பிரேமையே மாட்டிக்கொண்டாள். ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. ஆனால் பவர் துல்லியம், பாலகணேஷின் நெற்றி வியர்வைத் துளிகளைக்கூட எண்ணிவிடலாம் போல் இருந்தது. அப்போதுதான் அவர் போட்டிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். தடித்த பிரேம், காதோரம் தங்க எழுத்தில் பெரிய இத்தாலிக் கம்பெனியின் பெயர். அவளுக்குத் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வேலை. பூட்டிய பெட்டிகளில் இருக்கும் சீல் அசலா, மாற்றி மாட்டியதா என்று எழுத்தை வைத்தே சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியில் இருந்த தங்க எழுத்து பதித்ததல்ல, மேலே ஒட்டியது. ஓரத்தில் உரிந்தும் இருந்தது. காதில் மாட்டும் காம்பு ஒளி ஊடுருவுவது, அசலென்றால் அதற்குள் ஓட வேண்டிய கம்பி இல்லவே இல்லை.

"உங்க வூடு எங்க சார்?" என்று கேட்டாள்.

"அண்ணா நகர். ஏன்?"

"அதான். உங்க மூக்கு மேல கீறதுதான் டூப்பு. அண்ணா நகர்னதும் ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான்."

பாலகணேஷ் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைச் சுருக்கிக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு தாமஸைப் பார்த்தார். முப்பது வருஷத் தொழில்காரருக்கு, தன் கண்ணாடி அசலா என்று இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது. தாமஸ் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

யசோதரா கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஜெயித்த சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை. மெட்ரோ படியில் இறங்கும்போது பிரேம் மூக்கில் வழுக்கியது, கை தானாகப் போய் அந்தக் கொப்புளத்தைத் தடவியது, ஆத்திரம் மறுபடி முதலிலிருந்து ஏறியது.