தலையாட்டிய காளை

எங்கள் எண்ணெய்ச் செக்கின் தீர்மானப் புத்தகத்தை எழுதுவது நான்தான். பூனைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காதீர்கள். முதலாளி செக்கைக் கைவிட்டுப் போன மறுநாள் மிருகங்கள் எல்லாம் கூடிச் சங்கம் அமைத்தோம். மைப்புட்டியைத் தட்டிவிட்டுக் காலில் மையோடு நின்றவள் நான். என்னையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

தலைவர் ஆட்டுக்கடா. தாடி இருந்ததால் யாரும் போட்டியிடவில்லை. வேலை செய்தது மட்டும் செவலைக் காளை. கண்ணில் பட்டை கட்டிக்கொண்டு விடிந்ததிலிருந்து செக்கைச் சுற்றுவான். கொஞ்சம் ஓய்வெடுடா என்றால், "நம்ம செக்குதானே அக்கா" என்பான். அந்த 'நம்ம'வை அவனைப் போல வேறு யாரும் நம்பவில்லை.

கூட்டத்தைக் கடா வேலை நேரத்தில்தான் கூட்டும். செக்கிழுக்கும் காளைக்கு அடிக்கொரு தரம் தலை மேலும் கீழும் ஆடும். "செவலையே தலையாட்டிட்டான், அப்புறம் என்ன?" என்று கடா கேட்கும். உழைக்கிறவனே ஒப்புக்கொண்ட பிறகு சும்மா இருக்கிறவர்கள் என்ன பேசுவது? நானும் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதிவிடுவேன். செக்கு போடும் சத்தத்தில் அவன் காதில் ஒரு வார்த்தையும் விழாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே மூன்று வருஷம் எழுதினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் வந்த தீர்மானம் எருமை அத்தையைப் பற்றியது. செவலைக்கு முன்பு செக்கிழுத்தவள், அவனுக்கு நடை பழக்கியவள். முந்தின வாரம் அவளுக்குக் கால் பிசகிவிட்டது. "வேலை செய்யாதவங்களுக்கு இங்க தீனி கிடையாது. தோல் வியாபாரிகிட்ட குடுத்துடலாம்" என்றது கடா, வைக்கோலை மென்றுகொண்டே. வியாபாரி கயிற்றோடு வாசலில் நின்றான்.

செவலையின் தலை ஆடியது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். 'ஏக' வரை எழுதிவிட்டேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. தாவி அவன் முதுகில் ஏறிக் காதோடு சொன்னேன்: "டேய், அத்தையத் தோலுக்கு விக்கறதுக்கு நீ தலையாட்டிட்டு இருக்கே."

செவலை நின்றுவிட்டான். செக்கின் சத்தம் ஓய்ந்தது.

"நானா? அது நடக்கறப்ப தானா ஆடுதுக்கா. அது எப்படிச் சம்மதம் ஆகும்?"

"செக்கு நின்னா எல்லாருக்கும் நஷ்டம். நடப்பா" என்று கடா அதட்டியது.

அந்த வார்த்தை அவனைத் தொட்டுவிட்டது. முன்கால் தானாக எழுந்தது. ஆனால் எடுத்த காலை அதே இடத்தில் வைத்தான்.

"அத்தைக்கு இடமில்லேன்னா இது நம்ம செக்கு இல்லீங்க. நான் நடக்க மாட்டேன்."

"எனக்கும் சம்மதமில்ல" என்றது கோழி. அடுத்து வாத்து. அதற்கடுத்து, எதற்கும் வாயே திறக்காத கழுதை. வியாபாரி நிலைமையைப் பார்த்தான், கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினான்.

அத்தை அப்போதுதான் பேசினாள். "மொதல்ல பிள்ளையோட கண்ணுப்பட்டையக் கழட்டித் தண்ணி காட்டுங்க. சங்கம் இத்தனை நாளா நமக்குத் தண்ணி காட்டினது போதும்."

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நான்தான் பட்டையை அவிழ்த்தேன். பட்டப்பகலில், வேலை நேரத்தில், செவலை எங்களைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"இவ்வளவு பேர் சும்மாவா இருந்தீங்க?" என்றான். குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

கழுதை மட்டும் மெல்ல நடந்து வந்து, செவலையை விலகச் சொல்லி, நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்தது.