டுபாய்ப் பொரியல்

தூரத்தை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. கொட்டாஞ்சேனையில், யோசெப்பின் ஆன்ட்டியின் குசினியில் படித்தேன்.

அந்த ஒழுங்கையில் யார் வெளிநாடு போனாலும் ஆன்ட்டிதான் பேலியகொடைச் சந்தையில் சூரை மீன் வாங்கி, பொரித்து, போத்தலில் அடைத்துக் கொடுப்பார். நாட்டின் பெயர் அவருக்குத் தேவையில்லை. ஒரேயொரு கேள்விதான்.

"எத்தினை மணித்தியாலம்?"

பக்கத்துவீட்டு ஹபீஸ் நானா தோஹா போனார், ஐந்து மணித்தியாலம், மீன் பொன்னிறம். லண்டன் என்றால் பதினொன்று, நல்ல கபில நிறம். கனடாவுக்கு இருபத்திரண்டு. தான் மீனாக இருந்ததையே அது மறக்கும்வரை எண்ணெயில் கிடக்கவேண்டும். மூத்த மகள் யூஜினாவுக்கு அப்படித்தான் பொரித்தார். யூஜினா போனவள் போனவள்தான்; ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. மீன்மேல் தவறில்லை.

அதனால்தான் மூன்று வருடங்களுக்கு முன் அவர் மகன், என் கூட்டாளி றேமண்டுக்கு டொரன்டோ விசா கிடைத்தபோது, தாயிடம் அவன் டுபாய் என்று சொன்னான்.

"டுபாய் எண்டாப் போ," என்றார் ஆன்ட்டி. "அஞ்சு மணித்தியாலம்தானே. எனக்குக் காய்ச்சல் எண்டாலும் ஓடி வந்திடுவாய்."

றேமண்ட் என்னை வெளியே இழுத்தான். "மச்சான், வாயைத் திறந்தியோ தெரியும். போய்ச் சேர்ந்தாப் பிறகு நானே சொல்லுவன்."

"அம்மாட்டயே பொய் சொல்றியேடா."

"பொய் எங்கடா? டுபாயில மூண்டு மணித்தியாலம் ட்ரான்சிட் இருக்கு."

மறைக்கல்வியில் முதல் பரிசு வாங்கியவன்.

எனக்கு மீன்தான் கவலை. ஐந்து மணித்தியால மீன் இருபத்திரண்டு மணித்தியாலம் தாங்காது. டொரன்டோவில் போத்தலைத் திறக்கும்போது பொய் நாறியிருக்கும்.

ஒரு வான் வண்டியில் ஒழுங்கையே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனது. ஆன்ட்டி அவன் நெற்றியில் சிலுவை போட்டார், போத்தலைக் கையில் கொடுத்தார், வான் திரும்பும்வரை சிரித்துக்கொண்டே நின்றார்.

இரண்டு நாள் கழித்து றேமண்டின் செய்தி வந்தது. "மச்சான், மீன் பழுதாகேல்ல. கடிச்சன், பல்லுப் போகப் பாத்தது. கல்லுடா." சற்றுப் பொறுத்து இன்னொன்று: "அம்மாக்குத் தெரியும்."

நான் இருக்கும் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி ஆன்ட்டியிடம் ஓடினேன். ஆன்ட்டி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"டுபாய் போறவன் நாலு சோடி கம்பளிச் சொக்ஸ் வாங்குவானே?" என்றார்.

"அப்ப ஏன் ஆன்ட்டி கேக்கேல்ல?"

"கேட்டா நிண்டிருப்பான். யூஜினாவைக் கேட்டனான். அவள் அழுதழுதுதான் பிளேன் ஏறினவள். இவனாவது சிரிச்சுக்கொண்டு போகட்டும் எண்டு விட்டிட்டன்."

கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்று எழுதிவிடலாம். ஆனால் கத்தி எப்போதோ கீழே கிடந்தது.

றேமண்ட் இன்னும் வரவில்லை. அவனும் நானும் தாச்சிக்கு இரண்டு பக்கமும் நின்று, பொரியப் பொரியத் திருடித் தின்ற குசினி அது. இப்போது ஞாயிறுகளில் நான் மட்டும் போய் ஒரு பக்கம் நிற்கிறேன். திருட ஆள் குறைந்ததில் மீன் மிஞ்சுகிறது.

போன ஞாயிறும் ஆன்ட்டி கேட்டார்.

"உனக்கு எத்தினை மணித்தியாலம்?"

"வெள்ளவத்தை, ஆன்ட்டி. காலி வீதி நெரிசலோட ஒண்டரை."

ஆன்ட்டி குனிந்து என் கால்களைப் பார்த்தார். சொக்ஸ் இல்லை, வெறுங்காலில் பாட்டா செருப்பு. திருப்தியோடு மீனை மெத்தென்று இருக்கும்போதே எடுத்து என் கையில் வைத்தார்.