விடச் சொல்லாத மூச்சு

நான் பிடிக்கச் சொல்லாத மூச்சுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று அந்த வியாழக்கிழமை காலை முழுக்க அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. இருபது வருஷமாக அந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அவள் "மூச்சைப் பிடிங்க" என்றால் கட்டடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதனால் எந்தச் சொல்லையும் யோசிக்காமல் வெளியே விடுவதில்லை.

பயிற்சிக் காலத்தில் அப்படி ஒன்றும் நடந்ததில்லை. தேர்வெழுதி, வாரியத்தின் உரிமம் வந்து, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு இயந்திரத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டிய அன்றைக்கு, ஒரு தச்சரின் மார்பைப் படமெடுக்கையில் மின்விசிறி நின்றது. குழாயிலிருந்து கிளம்பிய சொட்டு பாதி வழியில் தொங்கியது. அவள் "விடுங்க" என்றதும் சொட்டு விழுந்தது, விசிறி சுற்றியது, தச்சர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டுக் கிளம்பினால், "மூச்சக்கா படமெடுத்திருக்காங்க" என்பார்கள், அவ்வளவுதான். உரிமத்தை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது போனால் சொல்லின் பலமும் போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவளுடைய பயம் வேறு. அந்தக் காகிதத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டால் தான் யார் என்று தனக்கே தெரியாமல் போய்விடும் என்று பயந்தாள்.

இரண்டு தெரு தள்ளி மருத்துவமனை முதலாளி ஒரு கிளை திறந்தார். அதில் தன் மச்சானை உட்காரவைத்தார். மச்சானுக்கு உரிமம் கிடையாது. பொத்தான் எது என்று தெரியும். ஒருநாள் திரைக்குப் பின்னால் செல்போனை ஒளித்துவைத்து, அவள் குரலைப் பதிவுசெய்து எடுத்துப்போனான். "நல்லா இழுங்க. பிடிங்க." அத்தோடு நறுக்கிவிட்டான். "படம்தான் விழுந்துடுச்சே, அதுக்கு மேல எதுக்கு?" என்று பிறகு கேட்டான். படிக்காமல் இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு அது. பொத்தானோடு வேலை முடிந்ததாக நினைப்பார்கள். படித்தவர்களுக்கு, எதிரே நிற்பவர் மூச்சை விட்டால்தான் முடியும்.

கிளைக்கு முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். முகவாயைத் தூக்கி, தோள்களை முன்னே தள்ளி, பலகையில் மார்பை ஒட்டியவர், மச்சான் பதிவை ஓடவிட்டதும், அப்படியே வெள்ளியிலிருந்து திங்கள்வரை நின்றார். காதில் பாட்டு மாட்டியிருந்த மச்சான் மட்டும் தப்பினான். ஓட்டுநருக்குப் பசிக்கவில்லை, தாடி வளரவில்லை. அவர் மனைவி வீட்டிலிருந்து வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஈ ஓட்டினாள். "எந்த ஸ்டாப்லயும் இந்த மனுஷன் இவ்வளவு நேரம் நிறுத்தினதில்ல" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நாலாம் நாள்தான் மூச்சக்காவை அழைத்துப்போனார்கள். அவள் ஓட்டுநரின் தோளில் கைவைத்து, "விடுங்க" என்றாள். அவர் நீளமாக மூச்சு விட்டுவிட்டு, "படம் நல்லா விழுந்துதாம்மா?" என்று கேட்டார்.

அன்று வீடு திரும்பிய அவளுக்குத் தொண்டைக்குள் கைவிட்டு யாரோ எதையோ எடுத்துப்போன மாதிரி இருந்தது.

ஓட்டுநரின் படத்தை எடுத்தவர் யார் என்று வாரியம் கேட்டு எழுதியது. முதலாளி இரண்டு காகிதங்களோடு வந்தார். "இதுல உங்க லைசென்ஸ் நம்பரைப் போட்டு ஒரு கையெழுத்து. உங்க அனுபவச் சான்றுல நான் ஒரு கையெழுத்து. அது இல்லாம புதுப்பிக்க மாட்டாங்க, வெள்ளிக்கிழமை கெடு. யோசிச்சுக்கங்கம்மா."

"கையெழுத்துப் போட்டா கை தேஞ்சிடுமா?" என்றார் கணவர், அன்றிரவு வீட்டில்.

"கை தேயாது. பேரு தேயும்."

வியாழக்கிழமை முதலாளி மறுபடி வந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், அவள் நாற்காலியை ஒட்டி நின்றுகொண்டார். அந்தப் பக்கம் இருமலோடு வந்த பள்ளிக்கூடத்துப் பெண் பலகையில் சாய்ந்து நின்றாள். "எடுத்தது யாருன்னு படத்துல எழுதியா இருக்கு? பேசாம வாங்கி..." என்று அவர் காகிதத்தை நீட்டியபோது அவள், "நல்லா இழுங்க. பிடிங்க" என்றாள்.

விசிறி நின்றது. முதலாளி வாய் திறந்தபடி நின்றார். அவள் பொத்தானை அழுத்தினாள். படம் திரையில் விழுந்தது: வலது பக்கம் அடியில் லேசான மங்கல், மற்றபடி சுத்தம்.

"பாப்பா, நீ மட்டும் விடும்மா."

பெண் மூச்சை விட்டு, இருமி, தடுப்புப் பக்கம் எட்டிப்பார்த்தாள். "இந்த மாமா ஏன் இப்படி நிக்கிறாரு?"

"விடச் சொல்லலைல, அதான்."

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவரை அப்படியே நிறுத்திவைக்கலாம். அந்த நினைப்பு இனித்தது. இனித்ததாலேயே அதைத் தள்ளினாள். அவர் விரல்களிலிருந்து காகிதத்தை உருவி, எடுத்தவர் பெயர் என்ற கட்டத்தில் "நான் எடுக்கவில்லை" என்று தெளிவாக எழுதினாள். கையெழுத்துப் போடாமல் அதே விரல்களுக்கிடையில் செருகினாள். சுவரிலிருந்த உரிமத்தை ஒருமுறை பார்த்தாள். அது இல்லாவிட்டாலும், இப்போது எழுதியவள் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"விடுங்க."

விசிறி சுற்றியது. "...கையெழுத்தைப் போடுங்கம்மா" என்று முடித்த முதலாளி குனிந்து காகிதத்தைப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"நாளைக்குக் கெடு. தெரியும்ல?"

"தெரியும் சார்" என்றாள் அவள். "போட மாட்டேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அடுத்த ஆள் வரணும்."