நிற்கும்போது ஏறும் வோல்ட்

என் அண்ணனுக்கு என்மேல் பாசம் பொங்குவது இரண்டே சமயங்களில்தான். ஒன்று, அவனுக்குக் காய்ச்சல் வரும்போது. இன்னொன்று, அவன் பட்டறையில் மெஷின் படுக்கும்போது. "கரண்டு, உடனே கிளம்பி வாடி, என் உயிரே உன் கையிலதான் இருக்கு" என்று போனில் கெஞ்சினான். மோட்டார்களை ஓட்டும் டிரைவ்களை ரிப்பேர் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பதால் வீட்டில் எனக்கு அந்தப் பெயர். அன்று மத்தியானம் பட்டறையிலுள்ள சிஎன்சி லேத்தை, அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷினை, விலைக்குக் கேட்டு ஒருவர் வருகிறாராம். அதற்குள் அது ஒழுங்காக ஓடியாக வேண்டும், இல்லையென்றால் அவன் திறக்கப்போகும் ரொட்டிக் கடை அம்பேல். மெஷினை விற்றுத்தான் அடுப்பு வாங்கப் போகிறான்.

அந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலே எனக்குக் கொஞ்சம் கிறக்கமாக இருக்கும். கூரையில் ஓரிடத்தில் ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு போட்டிருக்கிறார்கள். அதன் வழியாக வெயில் வெள்ளையாக இறங்கும், எண்ணெய் ஆவி அதில் மெல்ல மிதக்கும். தரையெல்லாம் பித்தளைச் சுருள். வெளியே தெருவில் வண்டிகள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடும். உள்ளே வந்தால் எதற்கும் அவசரமே இல்லை என்று தோன்றும்.

லேத்தை ஓட்டுவது அண்ணிதான். கல்யாணமாகி வந்த புதிதில், ஆள் வராத ஒருநாள் சும்மா நின்று பார்த்தவள், பிறகு அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அண்ணன் ஆர்டர் பிடிப்பான், பேரம் பேசுவான், மெஷினை மட்டும் தொடமாட்டான். ஊர் உலகத்தில் நாத்தனாரும் அண்ணியும் எப்படி இருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். எங்களுக்குச் சண்டை போட நேரமே கிடைத்ததில்லை, உட்கார்ந்தால் மெஷின் பேச்சுதான். அன்றைக்கு என்னவோ, "வந்தியா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது.

"என்ன பண்ணுது?" என்று கேட்டேன்.

"ஓடுது. நிறுத்தினா டிரிப் ஆகுது" என்றாள் அண்ணி.

வரும் கரண்டைப் பார்த்தேன், மூன்று பேஸும் சரி. டிரைவின் உள் வோல்டேஜ் தெரியும்படி மீட்டரை மாட்டிவிட்டு ஓட்டச் சொன்னேன். ஐந்நூற்று அறுபதில் எண் அசையாமல் நின்றது. கம்பியைக் கவ்விச் சுழலும் சக் சுற்றச் சுற்ற அதன் மூன்று தாடைகளும் கரைந்து ஒரே வட்டமாகிவிட்டன. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்ததற்கு வாங்காத திட்டு இல்லை. இந்த வேலையில் வெறித்துப் பார்ப்பதற்கே கூலி கொடுக்கிறார்கள்.

"இப்ப நிறுத்துங்க அண்ணி."

எண் ஏறியது. அறுநூறு, எழுநூறு, எண்ணூறைத் தொட்டதும் டிரைவ் டப்பென்று கைவிட்டது. திரையில் சிவப்பு எழுத்து. சக் மட்டும் கேட்பாரற்றுத் தானாகச் சுற்றிச் சுற்றி, நிதானமாக அடங்கியது.

"ஐயையோ, பாத்தியா! எவனோ கண்ணு வச்சுட்டான்" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நீ கொஞ்சம் சும்மா இருண்ணா" என்றேன்.

விஷயம் இதுதான். சுற்றுகிற மோட்டாரை நிறுத்தும்போது அதுவே சற்று நேரம் கரண்டை உண்டாக்கி டிரைவுக்குள் திருப்பி அனுப்பும். அதைச் சூடாக்கித் தள்ளிவிட ஒரு ரெசிஸ்டர் உண்டு. அது வேலை செய்யாவிட்டால் வோல்ட் ஏறிக்கொண்டே போகும். இந்த மெஷினில் அந்த ரெசிஸ்டர், பேனல் பீரோவின் தலைமேல் ஓட்டை போட்ட தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. மெயினை அணைத்தேன். ஆனாலும் உடனே கை வைக்க முடியாது. டிரைவுக்குள் மிச்சமிருக்கும் கரண்டு வடிந்து, அதிலுள்ள சிறிய விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும்.

"அதுக்குள்ள சாப்பிட்டுடலாம்" என்றான் அண்ணன்.

அண்ணி சாப்பாட்டு டப்பாவைச் சுற்றியிருந்த தடிமனான துண்டைப் பிரித்தாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்கள் டப்பா எப்போதும் அந்தத் தகரப் பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். சக் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பெட்டி கொஞ்சம் சுடும், மத்தியானம் வரை சாப்பாடு ஆறாது. அந்தச் சூட்டுச் சாப்பாட்டுக்காகவே நான் சாக்குச் சொல்லிக்கொண்டு வந்ததுண்டு.

"என்ன, துண்டெல்லாம்?" என்றேன்.

"உங்க அண்ணிக்குப் புத்தி கூர்மைடி" என்றான் அண்ணன், வாய் நிறையச் சாப்பாட்டோடு. "மெஷின் மக்கர் பண்ண அன்னிக்குக் காலையிலேயே வீட்டுலருந்து துண்டு சுத்தி எடுத்துட்டு வந்துட்டா. எப்படித்தான் தோணுச்சோ!"

அண்ணி டப்பாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் நிமிர்ந்து தகரப் பெட்டியைப் பார்த்தேன்.

மெஷின் வாங்க வருகிறவர் வழி தெரியாமல் நிற்பாரோ என்று பார்க்க அண்ணன் கை கழுவிவிட்டுத் தெருமுனைக்குப் போனான். விளக்கு அணைந்திருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறித் தகரப் பெட்டியைத் திறந்தேன். ரெசிஸ்டர் நன்றாக இருந்தது. அதற்கு வரும் ஒயர் அறுபடவில்லை. ஸ்குரூவைக் கழற்றி, ஒயரை வெளியே எடுத்து, நுனியில் டேப் சுற்றி, எதன்மேலும் படாதபடி மடித்து வைத்திருந்தது. ஸ்குரூவைத் திரும்ப அதன் இடத்திலேயே முடுக்கியும் இருந்தது. எலிக்கு அத்தனை பொறுமை கிடையாது.

"அண்ணி" என்றேன். "கை எவ்வளவு சுத்தம் உங்களுக்கு!"

அவள் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பம் நின்றது.

"அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுல்ல" என்றாள் மெதுவாக.

நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பெருக்கிய பித்தளைச் சுருள் குவியலில் வெயில் விழுந்து, அவள் முகமெல்லாம் மஞ்சள் வெளிச்சம்.

"ராத்திரி கண்ணை மூடினா இது சுத்தறதுதான் தெரியுது" என்றாள். "வேகம் குறைஞ்சு குறைஞ்சு நிக்கும் பாரு, அந்தச் சத்தத்துலதான் எனக்குத் தூக்கமே வரும். கடையில கல்லாவுல உக்காந்தா போதும், ராணி மாதிரி இருக்கலாம்கறாரு உங்கண்ணன். நான் ராணியா இருக்கணும்னு யாரு அழுதா?"

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"மூணு தடவை ஆரம்பிச்சேன். 'எல்லாம் பாத்துக்கலாம்மா'ன்னு சிரிக்கிறாரு. சிரிக்கிற மனுஷன்கிட்ட எப்படிச் சண்டை போடறது?"

எனக்கு அண்ணன்மேல் பொத்துக்கொண்டு வந்தது. நல்லவன்தான், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்க மாட்டான். ஆனால் அவன் நல்லது செய்யக் கிளம்பினால் எதிரில் நிற்பவர் வாயைத் திறக்க முடியாது.

"இப்ப நான் என்ன செய்யட்டும்? ரெசிஸ்டர் போச்சு, கிடைக்க நாளாகும்னு சொல்லிடவா?"

அவள் கண்ணில் ஆசை தெரிந்தது. இல்லையென்று சொன்னால் பொய். அதற்குள் வாசலில் வேன் நிற்கும் சத்தமும், "வாங்க வாங்க" என்று அண்ணன் குழைவதும் கேட்டன. அண்ணி மெஷினைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"இறங்கு" என்றாள்.

"அண்ணி, யோசிச்சு..."

"முன்னபின்ன தெரியாதவங்க எதிர்ல இது டிரிப் ஆகி நிக்கறதைப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாதும்மா. பழுதான மெஷின்னு பேர் வாங்கித் தரவா இத்தனை வருஷம் ஓட்டினேன்? இறங்கு."

அவளே ஏறினாள். டேப்பை உரித்தாள், ஒயரை நுழைத்தாள், முடுக்கினாள். கீழே இறங்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. மீட்டரைத் தேடுவதுபோல் பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

வந்தவர் வயதான, அதிகம் பேசாத மனிதர். மெயினைப் போட்டோம். அண்ணி ஒரு பித்தளைக் கம்பியை மாட்டி, புஷ் என்கிற சின்ன உருளை வளையம் ஒன்றைக் கடைந்து காட்டினாள். சூட்டைத் தணிக்கும் வெள்ளைக் கூலண்ட் ஓடியது, சுருள்கள் பறந்தன, கத்தி நகர்வதற்குச் சற்று முன்பே அவள் தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. வந்தவர் மெஷினை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். நிறுத்தினாள். என் மீட்டரில் எண் எழுநூறைத் தாண்டிக் கொஞ்சம் தயங்கி, சமர்த்தாகக் கீழே இறங்கியது. சக் மெல்ல, மெல்ல நின்றது.

"அப்பாடா!" என்றான் அண்ணன்.

வந்தவர் அந்தப் புஷ்ஷை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெஷினை எடுத்துக்கறேன்" என்றார் அண்ணனிடம். "எங்க பட்டறையில மெஷினுக்குப் பஞ்சமில்ல, கைக்குத்தான் பஞ்சம். இவங்களும் வேலைக்கு வருவாங்களா?"

அண்ணன் சிரித்தான். "அவங்களுக்கு எதுக்குங்க இந்த எண்ணெய்ப் பிசுக்கு வேலை? நம்ம கடையில ஜம்முனு கல்லாவுல..."

"என்னைக் கேளுங்க" என்றாள் அண்ணி.

அதை அவள் உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் அண்ணன் சிரிப்பு பாதியில் நின்றது. வந்தவர் அவள் பக்கம் திரும்பி, கொஞ்சம் மரியாதையாகவே, "வர்றீங்களாம்மா?" என்றார்.

"இதே மெஷினைக் குடுப்பீங்களா?"

"வேற யாருக்குக் குடுக்கப் போறேன்?"

"காலையில எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"ஏழு."

"வர்றேன்" என்றாள்.

அவர் லாரி ஏற்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தான். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன், நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? பிறகு அண்ணியிடம் போனான். அவன் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"அவ்வளவு பிடிக்குமா இது?"

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரொம்பப் பிடிக்கும்" என்றாள். "இப்பத்தான் கேக்கறீங்க."

அண்ணன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தான். சக்கில் இன்னும் கொஞ்சம் கூலண்ட் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே, "ஏழு மணிக்கு நான் அடுப்பு முன்னாடி நின்னுட்டிருப்பேனே" என்றான். "உன்னை யாரு கொண்டுபோய் விடறது?"

"பஸ் இருக்கு" என்றாள் அண்ணி.