இருபது விநாடி நீலம்

பேட்டையில் டாக்டர் பூதலிங்கத்தின் பல் ஆஸ்பத்திரிப் பலகையில் அவர் பெயர் ஒரு வரி, பட்டங்கள் ஐந்து வரி. 'ஜெர்மன் நீலக்கதிர் மெஷின் உண்டு' என்பது மட்டும் தனியாக, சிவப்பில். பல்லில் வைக்கும் பசையை அந்த வெளிச்சம் இருபது விநாடியில் கல்லாக்கிவிடும் என்பது டாக்டர் வாக்கு.

அசன் மைதீன் அதை நம்பினார். சவுதியில் தம்மாமில் இருபத்தாறு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். மனுஷன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது என்பதுதான் அங்கே அவர் சம்பாதித்த ஞானம்.

மனைவி மும்தாஜ் பேகத்துக்கு முன்பல் பாதி உடைந்தது கல்யாணமான மறு வருஷம். அன்றிலிருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். மகளின் நிக்காஹ் படத்திலாவது அந்தக் கை இறங்கட்டும் என்று போன அக்டோபரில் அவர்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார். பல் முழுசாகி வந்தவள் ஆட்டோ கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வீடு வரைக்கும் சிரித்தாள். ஓட்டிவந்தவருக்கே கூச்சமாகிப் போயிற்று.

நிக்காஹ் அன்று, படம் எடுக்குமுன், வாயில் வைத்தால் கரையும் வட்டலாப்பம் ஒரு வாயோடு அது கழன்று வந்துவிட்டது.

டாக்டர் போனிலேயே தீர்ப்புச் சொன்னார். "நம்ம மெஷின் போட்டது ஆயுசுக்கும் அசையாது அண்ணாச்சி. வீட்டம்மா சில்லுக்கருப்பட்டியக் கடிச்சிருப்பாவ."

"அல்லா அறிய நான் எதையும் கடிக்கலங்க," என்றாள் மும்தாஜ்.

"அப்ப ஜெர்மன்காரன் பொய் சொல்லுதானா?" என்றார் அசன் மைதீன்.

அவர் உடன்குடிக் கருப்பட்டி டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் 'கருப்பட்டிக் கள்ளி' என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள், முந்தானைக்குள். மறுபடி போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றபோது, "வேண்டாங்க. அங்கயும் என்னையக் கள்ளின்னுதான் பாப்பாவ" என்றாள். ஜனவரியில் ஒரு காலை, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். எழவில்லை. நிக்காஹ் படத்தில் அவள் கை வாயில்தான் இருக்கிறது.

மார்ச்சில் அவருக்கே கடைவாய்ப் பல் சொத்தை. மெஷின் மேல் குறையில்லாததால் அதே ஆஸ்பத்திரி, அதே நாற்காலி. புதிதாகச் சேர்ந்த டாக்டர் சித்ரலேகா வாய் நிறையப் பஞ்சு வைத்து, பசையை நிரப்பி, நீல விளக்கைக் காட்டி இருபது எண்ணினாள். ஊசியால் குத்திப் பார்த்தாள். மேலே ஓடு, உள்ளே களி. இன்னொரு இருபது. அப்போதும் களி. விளக்கு முனையின் பிளாஸ்டிக் உறையை உருவினாள்.

"ஞானம்பாளக்கா, இது என்னது?"

நர்ஸ் ஞானம்பாள் கிட்ட வந்து பார்த்தாள். "சந்தனம்மா. மெஷின் வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாளு. முகத்துல பொட்டு வைன்னு சார் சொன்னாவ. இதுக்கு முகம் அதான?"

"உறைய ஆளுக்கொண்ணு மாத்தணும்லாக்கா?"

"கழத்தினா மெஷின் பழசாயிரும்னுட்டாவ."

பேச்சுக் கேட்டு பூதலிங்கம் வந்தார். பொட்டைப் பார்த்தார். ஐந்து வரிப் பட்டமும் ஒரு நிமிஷம் முகத்தில் வாடிற்று. "மேல கெட்டியாத்தான ஆயிருக்கு," என்றார்.

"மேல மட்டுந்தான் சார். அடி வரைக்கும் வெளிச்சமே போகல. வெறுஞ்சோறு தின்னாலும் கழண்டுரும். அக்டோபர்ல இருந்து போட்ட அத்தனையும்."

அசன் மைதீனின் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கின.

பூதலிங்கம் அவர் தோளைத் தட்டினார். "அண்ணாச்சி, உங்க வீட்டம்மாவுக்கும் அப்பந்தான போட்டோம்? நாளைக்கே கூட்டிட்டு வாங்க. சும்மாவே போட்டுத் தாரேன்."

வாயில் பஞ்சு. கண்ணோரம் வழிந்தது காதுக்குள் இறங்கியது.

"வலிக்குதா ஐயா?" என்றாள் சித்ரலேகா. அவர் தலையை ஆட்டினார்.

ஞானம்பாள் சந்தனத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுத்தாள். களியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பசை. திரும்ப இருபது. இந்த முறை ஊசி இறங்கவில்லை. பஞ்சை எடுத்தார்கள்.

பூதலிங்கத்துக்குப் பவிசு திரும்பிவிட்டது. "கல்லுல்லா. இனி நீங்க சில்லுக்கருப்பட்டியே கடிக்கலாம் அண்ணாச்சி."

அசன் மைதீன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு, படியிறங்கிப் போனார்.