தொட்டிக்கு அடியில் தடம்

கொல்லைக் கதவைத் திறந்த மோகனப்ரியா அப்படியே நின்றுவிட்டாள்.

ரோஜா நாற்றுகளுக்கு நடுவே, ஈர மண்ணில், ஒரு மண்தொட்டி கவிழ்ந்து கிடந்தது. நேற்று அது அங்கே இல்லை. குனிந்து தூக்கினாள். அடியில் ஒரு காலடித் தடம். செருப்பில்லாத கால். ஆணின் கால். விரல்கள் அவள் வீட்டைப் பார்த்திருந்தன.

வேறு யாராவது பார்த்திருந்தால் குறும்பு என்று தொட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மோகனப்ரியாவால் முடியவில்லை. தடத்தின் மேல் சட்டி கவிழ்க்கிற கதையைப் போன வாரம்தான் அவளே மைக் பிடித்து ஊருக்குச் சொல்லியிருந்தாள்.

அவள் கல்லூரியில் சரித்திர ஆசிரியை. கிருஷ்ணகிரியில் நடந்த போலீஸ் கண்காட்சிக்கு, பழைய சேலம் ஜில்லாப் போலீஸின் வரலாற்றைப் பலகை பலகையாக எழுதிக் கொடுத்தவள். ராணி ஆட்சி வந்த கையோடு 1859-இல் சென்னை மாகாணப் போலீஸ் எழும்பியது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில் கிடந்தன. சிவப்புத் தலைப்பாகைக் கான்ஸ்டபிள் துரத்திக்கொண்டு போனால் திருடன் மைசூர் சமஸ்தான எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளிப் பக்கம் நின்று பல்லைக் காட்டுவான். திருட்டு நடந்த வீட்டில் தலையாரி செய்யவேண்டிய முதல் வேலை, தடத்தின் மேல் சட்டியைக் கவிழ்ப்பது. இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்து சேரும்வரை கோழி கிளறக் கூடாது, மழை கரைக்கக் கூடாது.

அந்தப் பேச்சின் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றாத குரூப் இல்லை. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். கிருஷ்ணப்பனின் ஆட்களும்.

கிருஷ்ணப்பனுக்கு ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில் லாரி யார்டு. போன வருஷம் ஒரு சாயங்காலம், அந்த யார்டின் வாட்ச்மேன் யேசுராஜை, ஓடுகிற லாரிக்கு முன்னால் கிருஷ்ணப்பன் பிடித்துத் தள்ளியதை, ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த மோகனப்ரியா கண்ணால் பார்த்தாள். ஆட்டோவில் இருந்த மற்ற எல்லோரும் அந்த நேரம் பார்த்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பார்த்த சாட்சி அவள் ஒருத்திதான். வருகிற புதன்கிழமை ஓசூர் கோர்ட்டில் அவள் கூண்டேறி, "இவர்தான்" என்று கை நீட்ட வேண்டும்.

நீட்டக் கூடாது என்று ஒரு குரல் போனில் சொல்லிக்கொண்டிருந்தது. அதட்டாது. மரியாதையாகப் பேசும். அதுதான் பயம்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுதுங்களா மேடம்? ஆரஞ்சு சிரப்புன்னாதான் குடிக்குமாமே."

ஆரஞ்சு சிரப் விஷயத்தை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். கணவன் ராஜ்குமாரிடம். கம்பெனி வேலையாகப் பூனா போயிருந்த அவனிடம், இதே வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, போனில், மெல்லிய குரலில்.

மோகனப்ரியா தொட்டியைத் தூக்கி வேலியோரம் எறிந்தாள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, துடைப்பத்தால் தடத்தைக் கலைத்தாள். கலைத்த பிறகுதான் போலீஸ் ஞாபகம் வந்தது.

எஸ்.ஐ. சுஜாதாவுக்குப் போன் செய்தாள். கண்காட்சி வேலையில் பழக்கமானவர்.

"மேடம், போன் மிரட்டலுக்கு மனு எழுதிக் கொடுங்க, நம்பரை டிரேஸ் பண்றோம். பூந்தொட்டி கவுந்து கெடந்ததுக்கு என்னான்னு கேஸ் போடறது? தடம் இருந்தாலாவது வந்து பாக்கலாம்."

"அழிச்சிட்டேன்."

"மைக்ல அவ்ளோ பேசுனீங்களே மேடம்" என்றார் சுஜாதா. சிரிக்காமல்தான் சொன்னார். "ராத்திரி ரோந்து அந்தப் பக்கம் வரச் சொல்றேன். எதுன்னாலும் உடனே கூப்பிடுங்க."

அது ஒரு லைன் வீடு. தகரக் கூரையின் கீழே வரிசையாகப் போர்ஷன்கள். நிறையப் பேர் சிப்காட்டில் ஷிப்டு வேலை. பக்கத்துப் போர்ஷனில் யார் என்பது வாடகை வாங்குகிற காளியம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். மோகனப்ரியாவுடையது கடைசிக்கு முந்தியது. கடைசிப் போர்ஷனில் இருந்த ஒடிசாப் பையன்கள் காலி செய்துவிட்டுப் போய், அது பூட்டிக் கிடந்தது. எல்லாப் போர்ஷன்களின் கொல்லைக் கதவுகளும் காளியம்மாளின் ரோஜா நாற்றுகளைப் பார்த்துத்தான் திறக்கும். அதற்கு அப்பால் பிய்ந்த முள்வேலி, தைலமரத் தோப்பு, பெங்களூர் ரோடு.

அன்று சாயங்காலம் பாப்பா சோறு உண்ணாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மாப்ள அங்கிள் கண்ணு சிமிட்டுறாரு."

இரண்டு போர்ஷன்களுக்கும் நடுச்சுவர் தகரம் வரை எட்டாது. மேலே ஒரு முழம் இடைவெளி. பழைய கல்யாண ஃப்ளெக்ஸ் ஒன்றை ஒடிசாப் பையன்கள் அதில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். யாரோ ஒரு மாப்பிள்ளை, கூலிங் கிளாஸ் இல்லாத குறையாக, சிரித்துக்கொண்டிருந்தான்.

"காய்ச்சல் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். வாயைத் திற" என்றாள் மோகனப்ரியா.

மறுநாளும் தொட்டி. அதற்கடுத்த நாள் இரண்டு. எல்லாத் தடங்களும் வீட்டைப் பார்த்தே இருந்தன. இம்முறை அவள் அழிக்கவில்லை. கிட்டே போகவே கால் வரவில்லை. தூரத்திலிருந்து போட்டோ எடுத்து சுஜாதாவுக்கு அனுப்பினாள். பந்தோபஸ்து டியூட்டி முடிந்ததும் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. உன் வாசல் வரை வருகிறோம், வந்துபோனதை நீ சொன்ன முறைப்படியே உனக்குக் காட்டுகிறோம் என்று எவனோ சொல்வதாக அவளுக்குப் பட்டது.

பலகைகளில் ஒன்று நினைவுக்கு வந்து தொலைத்தது. எல்லையோரக் கொள்ளை வழக்கு ஒன்றில் சாட்சி சொல்லவேண்டிய திம்மப்பன் என்ற குடியானவன், விசாரணைக்கு முந்தின நாள் கிணற்றில் மிதந்தான். கடைசி வரியை அவள் அழகாக எழுதியிருந்தாள்: சாட்சி ஆஜராகவில்லை, வழக்கு தள்ளுபடி. எழுதும்போது அவளுக்கு அது வெறும் வரிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் ஏறிவிட்டது. பாப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். கொல்லையில் காளியம்மாளின் குரல் கேட்டு மோகனப்ரியா வெளியே வந்தாள். காளியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"அன்னிக்கு என் தொட்டியத் தூக்கி வீசி, தண்ணி ஊத்தி அழிச்சது நீதானே டீச்சரம்மா?"

"ஆமாக்கா. பயந்து போய்..."

"பயம் ஏன் வராது? மடியில கனம் இருந்தா வழியில பயந்தான்."

மோகனப்ரியாவுக்குப் புரியவில்லை. "தொட்டிய வெச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"நான்தான் வெச்சேன். பின்ன பேயா வந்து வெக்கும்? வீடியோவுல நீதானே சொன்ன, பெரிய ஐயா வந்து பாக்கற வரைக்கும் தடத்த மூடி வெக்கோணும்னு. உன் வூட்டுக்காரரு பூனாவுலருந்து வரட்டும், அவரு கண்ணால பாக்கட்டும்னு மூடி வெச்சேன். வாடகைக்கு வுட்ட வூடும்மா இது. நாலு பேரு பொழங்கற எடம்."

மோகனப்ரியாவுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. அடுத்த கணமே இறங்கியது. தொட்டி மிரட்டல் இல்லை. சரி. ஆனால் தடம்?

"அக்கா, எங்க வீட்டுக்கு யாரும் வரல. சத்தியமா."

"வராமயா இவ்ளோ தடம்? சாயங்காலம் நான் நாத்துக்குத் தண்ணி வுட்டுட்டுப் போறப்ப சுத்தமா இருக்குது. வெடிஞ்சு பாத்தா தடம். எல்லாம் உன் வூட்டுப் பக்கம் வர்ற தடம். போற தடம் ஒண்ணு காட்டு பாப்போம். முன்னாடி கேட்டு சாவி ராத்திரியெல்லாம் என் இடுப்புல. அப்ப வந்தவன் எங்க? உள்ள வெச்சுப் பூஜை பண்றியா?"

வந்தவன் எங்கே.

மூடி வைத்திருந்த பழைய தொட்டி ஒன்றைத் தூக்கிவிட்டு மோகனப்ரியா மண்ணில் மண்டியிட்டாள். முதல் தடவையாகத் தடத்தைப் பயந்தவளாக அல்லாமல், பலகை எழுதியவளாகப் பார்த்தாள்.

விரல் பக்கம் ஆழமாகக் குழிந்திருந்தது. குதிகால் லேசாகத்தான் பட்டிருந்தது. விரல் நுனிகளுக்கு முன்னால் மண்ணில் மெல்லிய கீறல் இருந்தது, பாதத்தைப் பின்னுக்கு இழுத்த மாதிரி. இதைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறாள். முன்பாதம் அழுந்திக் குதிகால் தேய்ந்திருந்தால், அவன் பின்பக்கமாக நடந்தவன்.

இவை வந்த தடங்கள் இல்லை. போன தடங்கள்.

ஒருவன் இந்தக் கதவுகளிலிருந்து வெளியேறி, வீட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே நடந்து வேலி வரை போயிருக்கிறான். எந்தக் கதவாவது திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே. வந்தது எப்போது? மத்தியானம். ஷிப்டுக்குப் போனவர்கள் போக, கொல்லையில் ஈ காக்கை இருக்காது. காய்ந்த மண்ணில் தடம் விழாது. விழுந்தாலும் சாயங்காலத் தண்ணீர் கரைத்துவிடும்.

"அக்கா" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "கடைசிப் போர்ஷன யாராவது பாக்க வந்தாங்களா?"

"வந்தானே ஒருத்தன், பத்து நாளைக்கு முன்ன. உள்ள பூந்து எல்லாம் பாத்துட்டு, தண்ணி வசதி பத்தலன்னு போயிட்டான்."

"கொல்லைத் தாழ்ப்பாளப் போட்டீங்களா, அவன் போனப்புறம்?"

காளியம்மாள் கடைசிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "பாக்கலியே..."

"இன்னிக்குத் தடம் எங்கக்கா?"

"இன்னிக்கு இல்ல. இன்னிக்குத்தான் தொட்டியே கவுக்கல. சரி, புத்தி வந்துடுச்சு, வரல போலன்னு..."

வரவில்லை என்று அர்த்தமில்லை. போகவில்லை என்று அர்த்தம்.

பாப்பா உள்ளே இருக்கிறாள்.

ஓடவேண்டும் என்று உடம்பு துடித்தது. காளியம்மாள் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். இவ்வளவு நேரம் வம்பு பேசிய முகம் கல்லாகியிருந்தது. "ஓடாத. ஓடினா தெரிஞ்சுடும்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள். "சரி சரி, அழுவாத டீச்சரம்மா. வூட்ல பணியாரம் சுட்டிருக்கறேன். கொழந்தைய எழுப்பிக் கூட்டிட்டு வா. ஆறிப் போவுது."

மோகனப்ரியா உள்ளே போனாள்.

எத்தனையோ முறை நடந்த வீடு. இன்று கட்டில் எங்கோ தொலைவில் இருந்தது. மேலே பார்க்கக் கூடாது. மேலே பார்க்கவே கூடாது. தகரம் வெயிலுக்கு டப்பென்று வெடித்தது. வெயிலுக்குத்தானா?

"பாப்பா. எழுந்திரு கண்ணு. காளி பெரியம்மா பணியாரம் வெச்சிருக்காங்க."

பாப்பா புரண்டாள். கண் விழித்தாள். நேரே மேலே பார்த்தாள்.

"அம்மா, மாப்ள அங்கிளும் வர்றாரா?"

ஃப்ளெக்ஸின் கீழ் முனை ஆடியது. மின்விசிறி ஓடவில்லை. முனையைக் கட்டியிருந்த கயிறுகள் அவிழ்க்கப்பட்டுத் தொங்கியதை அவள் ஓரக்கண்ணால் கண்டாள். நேற்று அவை முடிச்சாக இருந்தன.

"அவருக்கு வேண்டாமாம்" என்றாள் மோகனப்ரியா. தன் குரல் சாதாரணமாக ஒலித்தது அவளுக்கே பயமாக இருந்தது. குழந்தையை அள்ளித் தோளில் போட்டாள். நடந்தாள். முதுகுத்தோல் முழுக்கக் கண்ணாக இருந்தது. சுவருக்கு மேலே யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

முன்கதவைத் தாண்டினாள். சாத்தினாள். வெளித்தாழ்ப்பாளைத் தள்ளினாள். அதே நேரம் கொல்லைப் பக்கம் இரண்டு கதவுகளின் வெளித்தாழும் படார் படாரென்று விழுகிற சத்தம். காளியம்மாள்.

உள்ளே ஏதோ கனமாகக் குதித்தது. அவள் கட்டில் மேல். இவ்வளவு நேரம் பாப்பா படுத்திருந்த இடத்தில்.

அதன் பிறகுதான் அவள் அலறினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் எல்லாப் போர்ஷன்களிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாதவர்கள், தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியுமாகக் கத்திக்கொண்டு கதவுகளை மறித்து நின்றார்கள். சுஜாதா ஜீப்போடு வரும்வரை கதவு உள்ளிருந்து அதிர்ந்துகொண்டே இருந்தது.

வெளியே இழுத்து வரப்பட்டவன் சின்னப் பையன் மாதிரி இருந்தான். துவைத்த சட்டை. காலில் செருப்பில்லை. பூட்டிய போர்ஷனில் ஒரு பாய், தண்ணீர் பாட்டில், அகலமான பிளாஸ்டர் டேப் ஒரு சுருள், குழந்தையை மூடுகிற அளவுக்கு ஒரு சாக்கு. ஃப்ளெக்ஸ் மாப்பிள்ளையின் இடது கண் பிளேடால் வட்டமாக வெட்டப்பட்டிருந்தது.

அவளைக் கடக்கும்போது அவன் நின்றான். போனில் கேட்ட அதே மரியாதையான குரல்.

"பாப்பா தூக்கத்துல சிரிக்குதுங்க மேடம். நீங்க பாத்திருக்கீங்களா?"

சுஜாதா அவன் பிடரியில் கை வைத்துத் தள்ளினார்.

கூட்டம் கலைந்தபின் காளியம்மாள் பணியாரத் தட்டோடு வந்தாள். உண்மையிலேயே சுட்டிருந்தாள். "நான் கண்டதையும் நெனச்சேன்" என்றாள், முகத்தைப் பார்க்காமல். "நெனச்சதுனாலதான் மூடுனீங்க. மூடுனதுனாலதான் நான் பாத்தேன்" என்றாள் மோகனப்ரியா.

அன்று ராத்திரியே ராஜ்குமார் வந்து சேர்ந்தான். "போகாத ப்ரியா. ஒருத்தனப் புடிச்சா இன்னொருத்தன அனுப்புவான்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் தூங்கும் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள் பாப்பா. அதை முதலில் பார்த்தவன் வேறு எவனோ என்பதுதான் அவளால் விழுங்க முடியாததாக இருந்தது.

புதன்கிழமை ஓசூர் கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டார்கள். மோகனப்ரியா கூண்டேறினாள். வெள்ளைச் சட்டையில் கிருஷ்ணப்பன், கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் பெஞ்சு நிறைய அவன் ஆட்கள். யார் காலிலும் சத்தம் போடுகிற செருப்பில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"யேசுராஜைத் தள்ளியவர் இங்கே இருக்கிறாரா?"

கை கனத்தது. தூக்கினாள்.

"இவர்தான்."

கேட்கவேண்டியதெல்லாம் கேட்டு முடித்து, போகலாம் என்றார்கள். கூண்டின் படியில் கால் வைத்தபோது, தான் திரும்பாமலே இறங்கிக்கொண்டிருப்பதை மோகனப்ரியா உணர்ந்தாள். முதுகு கதவுப் பக்கம். கண் அந்தப் பெஞ்சின் மேல். முன்பாதத்தை முதலில் ஊன்றி, குதிகாலை லேசாகத் தொட்டு, ஒவ்வோர் அடியாக.

கதவுவரை அப்படியேதான் நடந்தாள்.