வல்லூறுகள் வந்த ஞாயிறு

லின்சி இந்த வருஷம் பருந்து எண்ணப் போகமாட்டாள் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. கைக்குழந்தைக்காரி மலைக்குப் போவதைப் பற்றிய பேச்சே எழவில்லை, அவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்தால் வடக்கேயிருந்து வரும் பருந்துகளும் வல்லூறுகளும் பச்சைமலை விளிம்பை ஒட்டித் தெற்கே போகும். உப்பிலியபுரத்துக்கு மேலே, மலைப்பாதை வளைகிற இடத்தில் ஒரு நீண்ட பாறை முகடு உண்டு. அங்கே நின்று, போகிற பறவைகளை இனம் பிரித்து எண்ணும் சிறு குழு ஒன்று இருந்தது. உப்பிலியபுரத்தில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கும் செந்தமிழன் அதைத் தொடங்கியவர். பாலக்கரையில் ஆசிரியையாக இருந்த லின்சி, கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதில் உண்டு.

எண்ணப் போகிற ஞாயிறுக்கு முந்தைய வாரம் செந்தமிழன் போன் செய்து அவளைக் கூப்பிட்டார்.

"இல்லைங்கண்ணே, பாப்பா இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் போனைக் கட்டில்மேல் போட்டாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு அப்படிப் போவது வழக்கமாகிவிட்டிருந்தது. குழாய்ச் சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது என்று நினைத்திருந்தாள்.

வெளியே வந்தபோது மாமியார் ரோசரி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்கு உதவியாகப் புறத்தாக்குடியிலிருந்து வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். அதிகம் பேசமாட்டாள்.

"ஞாயித்துக்கிழமைதானே அந்த மலைக்குப் போறது?"

"ஆமாங்கத்தை. நான் போகலை."

"போவோம். நானும் வரேன். பிள்ளையை நான் வச்சுக்கிறேன்."

"உங்களுக்குப் பூசை இருக்கே?"

"சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போயிட்டு வந்துடுறேன்."

லின்சியின் கணவன் பெஞ்சமினுக்கு அந்த ஞாயிறு டூட்டி. "பச்சப்பிள்ளையைத் தூக்கிட்டு மலையேறப் போறீங்களாம்மா?" என்று அம்மாவைத்தான் கேட்டான். "நீ சத்திரத்துல பஸ் ஏத்திவிடு, போதும்" என்றாள் அவள்.

ஞாயிறு விடிந்ததும் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து இருவரும் கிளம்பினார்கள். உப்பிலியபுரத்தில் செந்தமிழன் காரோடு காத்திருந்தார். குழுவில் மற்றவர்கள் யாரும் அன்று வரவில்லை. கார் நிற்கிற இடத்திலிருந்து முகட்டுக்குக் கொஞ்ச தூரம்தான் நடை. ஆனால் சரிவு. ரோசரி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையில் குழந்தையை அணைத்தபடி ஏறினாள். மேலே போனதும் ஒரு காட்டு மரத்தின் கிளையில் பழைய புடவையால் தூளி கட்டி, பாப்பாவை அதில் போட்டு ஆட்டத் தொடங்கினாள்.

காலை முழுவதும் மேகம். பூனைப்பருந்து ஒன்று தாழ்வாகப் போயிற்று. அதன் பிறகு வானம் வெறுமையாகக் கிடந்தது. லின்சி பைனாகுலரைக் கண்ணில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். தான் வந்ததே தப்போ என்று தோன்றியது. தூளியைத் திரும்பிப் பார்த்தாள். அதில் கிடப்பது தன் பிள்ளை என்பது தெரிந்தது. ஆனால் அந்தத் தெரிதல் மனத்தில் எதையும் தொடவில்லை. சில மாதங்களாகவே அப்படித்தான் இருந்தது.

வெயில் வந்தது. "கார்ல இருக்கிற இட்லியை எடுத்துட்டு வந்துடுறேன்" என்று செந்தமிழன் கீழே இறங்கினார். அவர் போன சற்று நேரத்தில் முகட்டின்மேல் தட்டான்கள் கூட்டமாகப் பறந்தன. லின்சி நிமிர்ந்தாள். தட்டான் வந்தால் அவற்றைத் தின்கிற அமூர் வல்லூறும் வரலாம். கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகிற சின்னஞ்சிறு பறவை. இந்த முகட்டில் அவள் மூன்றோ நான்கோதான் பார்த்திருக்கிறாள்.

வடக்கே ஏதோ பொடிப்பொடியாகத் தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தாள். அமூர் வல்லூறுகள்தான். பள்ளத்தாக்கிலிருந்து வெப்பக் காற்றில் சுழன்று சுழன்று ஏறிக்கொண்டிருந்தன, பெருங்கூட்டமாக.

அதே நேரம் பாப்பா வீரிட்டு அழுதது. பசி அழுகை. லின்சியின் மார்பு கசிந்து சட்டை நனைந்தது. கூட்டம் சுழலும்போது எண்ண முடியாது; உச்சிக்குப் போய் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறகடிக்காமல் வழுக்கிப் போகும்போதுதான் எண்ண முடியும். அது சில நிமிஷம்தான். அவள் பைனாகுலரை இறக்கினாள்.

"விடுங்கத்தை. பாப்பாவைக் கொடுங்க, நான் உக்காந்துக்கிறேன்."

"உக்காந்தா தெரியுமா?"

"தெரியாது. மரம் மறைக்கும்."

"அப்ப நில்லு."

ரோசரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் எதிரில் நின்றாள். துப்பட்டாவை இழுத்து மறைத்து, குழந்தையை மார்போடு சேர்த்து, அடியில் தன் இரண்டு கைகளையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். "நான் பிடிச்சிருக்கேன். நீ எண்ணு."

பாப்பா வாய் வைத்துக்கொண்டது. பறவைகள் வழுக்கத் தொடங்கின.

லின்சி சத்தமாகப் பத்துப் பத்தாக எண்ணினாள். நூறு வந்ததும் ரோசரி, "ஒரு நூறு" என்றாள். மறுபடி பத்து, இருபது. "ரெண்டு நூறு." நடுவில் பாப்பா ஒருதரம் நழுவியது, ரோசரி முழங்காலை மடக்கி ஏந்தி மறுபடி உயர்த்தினாள்.

"கை வலிக்குதா அத்தை?"

"வலிக்குது. நீ எண்ணு."

முன்னூற்று எழுபதில் வானம் காலியானது. லின்சி பைனாகுலரை இறக்கிக் குனிந்து பார்த்தாள். பாப்பா கண்ணை மூடாமல் அவளையே பார்த்தபடி குடித்துக்கொண்டிருந்தது. புருவத்தில் வியர்வை. அவள் அதை விரலால் துடைத்தாள். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்து அழுதாள். இங்கே குழாய் இல்லை. சத்தமாகவே அழுதாள்.

ரோசரி பக்கத்தில் உட்கார்ந்து தன் தோள்களைப் பிசைந்துகொண்டாள்.

"சில நாள் இதைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணமாட்டேங்குது அத்தை. யார் பிள்ளையோ மாதிரி இருக்கு. நான் கெட்டவளா?"

"கெட்டவளா இருந்தா எதுக்கு அழுவுற? குழாயைத் திறந்துவிட்டா எனக்குக் கேக்காதா? உன்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியாமதான் இத்தனை நாள் இருந்தேன்." துப்பட்டாவைக் குழந்தைமேல் சரியாக இழுத்துவிட்டாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். பிள்ளை பெத்தவங்களுக்கு இப்படி வருமாம், இதுக்கு டாக்டர் இருக்காங்களாம், டி.வி.யில சொன்னாங்க. நானும் வரேன். பெஞ்சமின்கிட்ட நான் பேசிக்கிறேன்."

செந்தமிழன் இட்லிப் பாத்திரத்தோடு மேலே வந்தபோது லின்சியின் கண் சிவந்திருந்தது. எத்தனை என்று அவள் சொன்னதும் அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். "நான் ஒண்ணுகூடப் பாக்கலையே" என்றார். ரோசரி அவருக்கு இட்லி எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனார்கள். பெஞ்சமின் லீவு போட்டுவிட்டு வந்தான். டாக்டர் பேசியதைக் கேட்டுவிட்டு, திரும்பும் வழியெல்லாம் பிள்ளையை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். மாத்திரை உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. லின்சி இன்னும் பல இரவு அழுதாள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. கார்த்திகை முடிவதற்குள் ஒருநாள், பாப்பாவைக் குளிப்பாட்டும்போது தான் அதனிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பதை அவளே கவனித்தாள். என்ன பேசினாள் என்று பிறகு நினைவில்லை. அடுப்படியில் ரோசரி அதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தாள். குழம்பு கொதித்தது, அவள் அதைச் சத்தம் வராமல் இறக்கி வைத்தாள்.